முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு ஜோடிக் கதவு

காரைக்குடிக்குப் போகிறவர்கள் கண்டாங்கிச் சேலை வாங்குவார்கள், ஆத்தங்குடிக் கல் பார்ப்பார்கள். நாங்கள் போனது சமையலறைக்கு மரம் தேடி.

எங்கள் வீட்டு மாடுலர் கிச்சனுக்கு ஏழு வயது. பளபளக்கும் சிவப்பு லேமினேட். அப்போது அதுதான் ஃபேஷன். போன மழைக்காலத்தில் சிங்குக்குக் கீழே இருந்த கதவு தண்ணீர் குடித்து உப்பி, கீல் பிய்ந்து தொங்கியது. உள்ளே இருந்தது ப்ளைவுட் இல்லை, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "எங்க அம்மா வீட்டு அடுப்படி அலமாரி தேக்கு. அம்பது வருஷம் அசையல" என்றார் அத்தை. மாமியார் சொல்லை இந்த முறை மறுக்க எனக்கு வாயில்லை. மகளுக்கோ செல்போனில் பார்க்கிற மாதிரி வெளிர் மர நிறம் வேண்டும்.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் நிறைய. முன்னால் எனாமல் தூக்குகள், ஊறுகாய் ஜாடிகள், ரவிவர்மா படங்கள். உள்ளே போனால் தூண்கள், உத்தரங்கள், நிலைகள். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், அங்கிருந்து தேக்கைக் கப்பலில் இறக்கிக் கட்டிய வீடுகள் இந்தப் பக்கத்தில் ஏராளம். வாரிசுகள் ஊர் ஊராகப் பிரிந்து, பராமரிக்க முடியாமல் இடிக்கிற வீடுகளின் மரம் இங்கே வந்து சேர்கிறது.

எங்களோடு வந்த ஆசாரி ஒரு உத்தரத்தைக் கத்தியால் லேசாகச் சுரண்டினார். எண்ணெய் வாசம். "காய்ஞ்சு முடிச்ச மரம்மா. இனி முறுக்காது. ஆனா உள்ளே ஆணி இருந்தா என் ரம்பம் போச்சு" என்று சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து மரம் நெடுக ஓட்டினார்.

விலை கேட்டதும் மற்ற மரங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்! பலா நல்ல மரம்தான், அறுத்ததும் மஞ்சளாக இருக்கும். ஆனால் வருடம் போகப் போகப் பழுப்பேறும். வேங்கை உறுதி, ஈரம் பட்டால் சாயம் விடும். ரப்பர் மரம் மகள் கேட்கிற நிறம், விலையும் குறைவு. மருந்தேற்றாவிட்டால் வண்டு துளைத்துவிடும், தண்ணீர் புழங்கும் இடத்துக்கும் ஆகாது என்றார் ஆசாரி.

அதற்குள் அத்தை ஒரு மூலையில் நின்றுவிட்டார். சுவரில் சாய்த்திருந்த ஒரு ஜோடி அலமாரிக் கதவு. விளிம்பெல்லாம் கை பட்டு வழுவழுப்பு. உள்பக்கம் கரித்துண்டால் போட்ட கோடுகள், ஐந்தைந்தாக.

"பால் கணக்குடீ இது" என்றார்.

ஆசாரி அளவெடுத்தார். எங்கள் அலமாரிக்கு நாலு விரல் உயரம் அதிகம். "கீழே அறுத்துடலாம்."

"அறுக்கக் கூடாது." தேக்குதான் வேண்டும் என்று இரண்டு மாதமாகச் சொன்னவர் அத்தைதான். "யாரோ ஒருத்தி தினம் திறந்து மூடின கதவு. அலமாரியை உசத்திக் கட்டுங்க."

அப்படியே செய்தோம். மளிகைச் சாமான் வைக்கிற அலமாரிக்கு அந்தக் கதவுகள். சிங்குக்குக் கீழே தண்ணீர் தாங்கும் 710 தர மரைன் ப்ளைவுட், மேலே மகள் கேட்ட வெளிர் நிற லேமினேட். இரண்டும் சேருமா என்று பயந்தேன், சேரவில்லைதான். பழகிவிட்டது.

பாலிஷ் போட வந்த பையனை, உள்பக்கம் கை வைக்காதே என்று அத்தை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்.