பனியை நம்பி ஓர் ஊர்

ஜனவரியில் நல்ல பனி விழுந்துவிட்டால், தங்மார்க் வந்ததுமே டாக்சிக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிடுவார். அதற்கு மேலே போக, டயரில் சங்கிலி மாட்டிய வண்டிதான் வேண்டும். வாடகைக்கு எடுத்த ரப்பர் பூட்ஸும் கனத்த கோட்டுமாக, ஊசியிலைக் காட்டுக்குள் 13 கி.மீ. வளைந்து வளைந்து ஏறினால் குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ.; கடல் மட்டத்திலிருந்து 2,650 மீட்டர். எங்கும் வெள்ளை. வேலிகள் புதைந்துவிட்டன, கூரைகள் மட்டும் தலை காட்டுகின்றன. வண்டியிலிருந்து இறங்குவதற்குள் ஸ்லெட்ஜ் இழுப்பவர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். அவர்களின் தொளதொள ஃபெரன் அங்கிக்குள், கூடையில் வைத்த கரிச்சட்டியான காங்கிடி கனன்றுகொண்டிருக்கிறது.

ஜூனில் அதே இடத்துக்கு வருபவருக்கு, ஊரை மாற்றிவிட்டார்களோ என்று சந்தேகம் வரும். பனிக்கு அடியில் கிடந்தது 18 குழி கோல்ஃப் மைதானம் என்பது அப்போதுதான் தெரிகிறது. ஸ்லெட்ஜ் இழுத்தவர்களில் பலர் இப்போது குதிரைக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுகிறார்கள். மேலே புல்வெளிகளில் பக்கர்வால் மேய்ப்பர்களின் ஆட்டு மந்தைகள். 1973இல் வந்த 'பாபி' படத்தின் குடிசை முன்னால் படம் எடுத்துக்கொள்ளாமல் தேனிலவுத் தம்பதிகள் நகர்வதில்லை.

உண்மையில் குல்மார்க் பிறந்தது கோடைக்காகத்தான். கௌரிமார்க் என்றிருந்த பெயரை, 16ஆம் நூற்றாண்டில் சுல்தான் யூசுஃப் ஷா சக் குல்மார்க் என்று மாற்றினார் என்பார்கள். 'மலர்ப் புல்வெளி' என்று பொருள். ஜஹாங்கீர் இங்கே 21 வகைப் பூக்களைச் சேகரித்ததாகவும் சொல்வதுண்டு. பிறகு வந்த ஆங்கிலேயர்களும் சமவெளியின் வெயிலுக்குப் பயந்து வந்தவர்களே. கோல்ஃப் ஆடினார்கள், 1902இல் தேவாலயம் கட்டினார்கள்.

குளிர்காலத்துக்கு மவுசு வந்தது 1927இல். ஆங்கிலேய அதிகாரிகள் அந்த ஆண்டு இங்கே பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பின் ராணுவமும் பனிமலைப் பயிற்சிக்கு இந்த இடத்தையே தேர்ந்தெடுத்தது. 1990களின் வன்முறை பயணிகளை விரட்டியது. ஆனாலும் 1998இல் கோண்டோலா கம்பிவட ஊர்தி கோங்டூரிவரை ஓடத் தொடங்கியது. 2005இல் அது அஃபர்வட் சிகரத்தின் தோள்வரை, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்கு, நீண்டது. அங்கே நாலு அடி வேகமாக வைத்தாலே மூச்சு வாங்கும். ஆனால் மாவு போன்ற அந்தப் பனிக்காக வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் தேடி வருகிறார்கள். 2020இல் முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டியின் பனிச்சறுக்குப் பந்தயங்களும் இங்கேதான் நடந்தன.

இத்தனைக்கும் மூலதனம் வானத்திலிருந்து விழ வேண்டும். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய காற்றுச் சலனங்கள்தான் இங்கே பனியைக் கொட்டுகின்றன. டிசம்பர் 21இல் தொடங்கும் 'சில்லை கலான்' என்ற 40 நாள் கடுங்குளிரில் விழும் பனியே இறுகி நிற்கும். 2024 ஜனவரியில் அது ஏமாற்றியது. கோண்டோலாவுக்குக் கீழே பழுப்புப் புல் தெரிந்தது. ஸ்லெட்ஜ்கள் சும்மா கிடந்தன. மாதக் கடைசியில்தான் பனி வந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா போட்டிகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

அடுத்த மாதமே இன்னொரு அடி. ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பள்ளத்தாக்கு முழுவதும் அறைப் பதிவுகள் ரத்தாயின. பனிக்காலம் தந்த நஷ்டத்தைக் கோடையில் ஈடுகட்டலாம் என்றிருந்த குதிரைக்காரர்களுக்கு அதுவும் கைநழுவியது.

பயணிகள் திரும்பி வந்துவிடலாம். பனி விஷயம் அப்படியல்ல. ஜனவரியில் மலை சேமித்து வைப்பதுதான் கோடையில் ஓடையாகி இறங்குகிறது. கீழே ஆப்பிள் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் போகிறது. தாமதமாக விழும் பனி, வெயில் ஏறியதும் சீக்கிரமே கரைந்துவிடும். பயணிகளின் ஆல்பத்தில் வெள்ளையும் பச்சையும் இரண்டு தனித்தனிப் படங்கள். உள்ளூர்க்காரர்களுக்கோ இரண்டும் ஒரே கணக்கு: ஜனவரியில் வரவு, ஜூனில் செலவு.