துருவுக்குப் பிடித்த குடை

அத்தா வஃபாத்தானபோது எங்களுக்கு விட்டுச் சென்றவற்றுள் சந்தையில் விலை போகாத பொருள் ஒன்று உண்டு. உறையூர் வீட்டுக் கொல்லையில், வேம்பின் நிழலில் கிடக்கும் இரும்பு பெஞ்சுதான் அது. பொன்மலை ரயில்வே பணிமனையில் அத்தாவுடன் பணியாற்றிய ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருவரும் அவரும் ஓய்வு பெற்ற ஆண்டில், பட்டறையில் சொல்லிச் செய்தது. வாரந்தோறும் நண்பர் காவிரி கடந்து வருவார். அஸர் தொழுதுவிட்டு அத்தா வந்ததும், மஃரிப் பாங்கு கேட்கும்வரை இருவரும் அதில் அமர்ந்து உரையாடுவார்கள். நாங்கள் அவரை மாமா என்றே அழைத்தோம். அத்தாவுக்குப் பின்னும் அவர் வரவு நிற்கவில்லை.

2016இல் தங்கையின் நிக்காஹ் வந்தது. விருந்தினர் கண்ணில் துரு படலாகாதே என்று, முதல் நாள் ஒரு டப்பா பச்சை எனாமல் வாங்கி வந்து பெஞ்சின் மேல் பூசிவிட்டோம். சுரண்டவில்லை, துடைக்கக்கூட இல்லை. மறுநாள் அது பளபளத்தது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். மாமா மட்டும் பெஞ்சின் காலை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அமர்ந்தார்.

மறு ஆண்டு ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு மாலையில், அவர் அமர்ந்த மாத்திரத்தில் பின்கால் முறிந்தது. எண்பதை எட்டிய அம்முதியவர் சேற்றில் விழுந்தார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. எங்களுக்கு நா எழவில்லை. தூக்கி உட்கார வைத்தபோது அவர் சொன்னது இவ்வளவே: "உங்க அத்தா பெயின்ட் டப்பாவைக் கடைசியிலதான் திறப்பார், தம்பி."

முறிந்த காலைப் பார்த்தோம். மேலே பச்சைத் தோல். உள்ளே பழுப்புப் பொடி. இரும்பு, நீரோடும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடும் கூடித் துருவாகிறது. துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடம் பிடிப்பது. ஆதலால் மேற்பூச்சை அடியிலிருந்தே உப்பச் செய்து பிளக்கிறது. பிளவில் புகுந்த மழைநீர் எளிதில் உலராமல் அங்கேயே தங்குகிறது. ஆக, துருவின் மேல் நாங்கள் பூசிய வண்ணம், துருவுக்குக் குடை பிடித்ததாகவே முடிந்தது. டில்லி இரும்புத் தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக நிற்கவில்லையா எனலாம். அவ்விரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் அதன்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டாகத் துணை செய்தது. நாம் கடையில் வாங்கும் எஃகுக்கு அப்பேறு இல்லை. அதற்கு நாம்தான் காப்பு.

மாசி மாதம், மணிக்கட்டு தேறியதும் மாமாவே வந்து நின்றார். அதற்குள் புதுக்கால் பற்றவைத்து வைத்திருந்தோம். பழைய பூச்சையும் துருவையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இரும்பு வெளுத்துத் தெரியும்வரை உப்புத்தாள் போடச் சொன்னார். முகக்கவசம் அணியச் செய்தார், பிள்ளைகளை அண்டவிடவில்லை. பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி, நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

பின்னர்த் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, அன்றே ரெட் ஆக்சைடு பூசினோம். வெற்றிரும்பை இரவு முழுதும் விட்டால் பனி தன் வேலையைத் தொடங்கிவிடும். அது நன்கு காய்ந்த பின் எனாமல் இரண்டு கை, ஒவ்வொன்றும் மெல்லியதாக. மூட்டுகளிலும் பட்டைகளின் அடிப்புறத்திலும்தான் மாமாவின் கண் இருந்தது. "உட்காருறவன் பார்க்காத இடத்திலதான் துரு உட்காரும்" என்றார். இறுதியாகக் கால்களின் கீழே கருங்கல் துண்டுகள் வைத்தோம். ஈரமண்ணில் ஊன்றிய கால் எளிதில் உலராது.

அவ்வாண்டு ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டது. பொன்மலைப் பணிமனை எழுந்த அதே 1928இல் திறக்கப்பட்டு, 2016இல் புதுப்பாலம் வந்தபின் ஓய்வு பெற்றிருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் அதில் சரிந்தன. மாமா மாலைதோறும் உலாவிய பாலம் அது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவர் சொன்னார்: "பெஞ்சானா என்ன, பாலமானா என்ன, போறது அடியிலேர்ந்துதான்."

மாமாவும் இன்று இல்லை. பெஞ்சு இருக்கிறது. ஆண்டுதோறும் மாசியில் அதைக் கவிழ்த்துப் போட்டு அடிப்புறம் பார்க்கிறோம். புள்ளியளவு துரு தெரிந்தாலும் அவ்விடத்தைச் சுரண்டிப் பூசுகிறோம். பிள்ளைகள் ஓடி வந்து, வண்ணம் பூச எங்களுக்கும் கொடுங்கள் என்று பிரஷ்ஷுக்குக் கை நீட்டுகிறார்கள். கொடுக்கிறோம். முதலில் கம்பி பிரஷ்; டப்பாவைத் திறப்பது கடைசியில்தான்.