வாகைக்குளத்திலிருந்து நெல்லையப்பர் சந்நிதிக்கு

தூத்துக்குடி விமான நிலையம் எனப் பெயர் பெற்றிருப்பினும், அது அமைந்திருப்பது தூத்துக்குடிக்கும் நெல்லைக்கும் இடையே உள்ள வாகைக்குளத்தில். 2025 ஜூலையில் அங்கே புதிய முனையமும் திறக்கப்பட்டது. பெயரை நம்பித் தூத்துக்குடி நகருக்குள் சென்று மீள்வது நெல்லையப்பரைத் தரிசிக்க வரும் முதியோர்க்கு வீண் அலைச்சல். வெளியே நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்லும் பேருந்தே நெல்லைக்குரியது. இடைநில்லாப் பேருந்துகள் அங்கு நில்லா. சாதாரணப் பேருந்துக்கே காத்திருத்தல் வேண்டும். மூட்டை முடிச்சு மிகுதியெனில் வாடகைக் காரே உசிதம். பக்திக்கு அதனால் குறைவொன்றுமில்லை.

பேருந்தில் வருவோர் பாளையங்கோட்டையில் இறங்கி, டவுன் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். அதில் ஒரு பாக்கியமும் உண்டு. சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு எழுப்பி, 1843-இல் திறக்கப்பெற்ற பாலத்தின் வழியே தாமிரபரணியைக் கடக்கலாம். சன்னலோரம் அமர்ந்தால் அன்னையின் தரிசனம் அங்கேயே கிட்டிவிடும். பின்னர் சந்திப்பும் ஈரடுக்கு மேம்பாலமும் கடந்தால் டவுன்.

நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பர். ஆதலின் முற்பகல் விமானத்தில் வருவோர் பதறி ஓடிவருவதில் பயனில்லை. உணவருந்தி இளைப்பாறி, ஆற்றில் வெள்ளமில்லாத நாளாயின் குறுக்குத்துறையில் நீராடி, சாயரட்சைக்குச் சென்றால் சுவாமியையும் காந்திமதியம்மையையும் நிதானமாகக் கண்குளிரச் சேவிக்கலாம்.