குழலட்டை

காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் திருக்குளத்தினுள் அத்திமரத்தாலாகிய திருவுருவம் ஒன்று வைக்கப்பெற்றுள்ளது. நாற்பது ஆண்டுகட்கு ஒருமுறை அதனை வெளியே எடுத்து, நாற்பத்தெட்டு நாள் மக்கள் கண்டு வழிபடச் செய்வர். 1979-ஆம் ஆண்டுக்குப் பின்னர், 2019-ஆம் ஆண்டில் அவ்விழா வந்தது. ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை எங்கள் ஊர் மக்கள் வெள்ளத்தில் மிதந்தது. பிள்ளையார்பாளையத்தில் என் வீடு இருக்கும் தெருவுக்குங்கூட வெளியூரார் வழி தவறி வந்தனர். அவர்பொருட்டு எங்கள் தெருமுனை மின்கம்பங்களிலும் வழிகாட்டிப் பலகைகள் கட்டப்பெற்றன. 'தரிசனத்துக்குச் செல்லும் வழி' என்ற எழுத்தும், அதன்கீழ் ஓர் அம்புக்குறியும் அவற்றில் இருந்தன.

விழா முடிந்தது. மக்கள் போயினர், பலகைகள் எஞ்சின. கட்டு அறுந்து சாக்கடை ஓரத்தில் கிடந்த ஒன்றைக் கையில் எடுத்தேன். பனையோலை விசிறியை எடுத்தாற்போன்று அது எளிதாக மேலே வந்தது. கனமான பலகை என்று எண்ணிக் கைக்குக் கொடுத்த வலிமையெல்லாம் வீணாயிற்று. தெருவைத் தூய்மை செய்துகொண்டிருந்த தொழிலாளரிடம், "இவற்றை யான் கொண்டுபோகலாமா?" என வினவினேன். "எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, எங்களுக்குச் சுமை குறையும்" என்றார் அவர். பன்னிரண்டு பலகைகள் என் வீடு புகுந்தன. என் மனைவி ஒன்றும் கூறவில்லை. அவள் கூறாதிருந்தால் அதற்கொரு பொருள் உண்டு.

மாணவர்களே, நீங்கள் அப்பொருளைக் கண்டிருப்பீர்கள். கண்காட்சிக்குப் படம் ஒட்டவும் பயன்படுத்தியிருப்பீர்கள். அதன் ஓரத்தை உற்று நோக்குக. மேலும் கீழும் இரண்டு மெல்லிய தோல்கள். இடையே ஒரே அளவாய் நின்ற சிறு சுவர்கள். சுவர்களுக்கிடையே நீண்ட குழல்கள். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி காற்றே. அங்ஙனமாயின் அதன் வலிமை எங்கிருந்து வந்தது? ஒரு தாளை இரண்டு புத்தகங்களுக்கிடையே பாலமாக இட்டு, அதன்மேல் ஒரு பேனாவை வைத்துப் பாருங்கள். தாள் வளைந்து விழும். அதே தாளை விசிறி மடிப்பாக மடித்து வையுங்கள், பேனாவைத் தாங்கும். இந்த நுட்பம் புதியதன்று. நெளித்த இரும்புத் தகட்டை 1829-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் கூரைக்கெனச் செய்தனர். நெளித்த தாளும் அந்நாட்டில் 1856-ஆம் ஆண்டு தோன்றியது. அதன் முதற் பயன் யாது என்று எண்ணுகிறீர்கள்? உயர்ந்த தொப்பிகளுக்கு உள்ளே வைக்கும் பட்டை! சரக்கு கட்டும் பெட்டியாக அது மாறியது பின்னரே. யான் எடுத்துவந்த பலகை தாளுமன்று, இரும்புமன்று. பாலிபுரோப்பிலீன் என்னும் நெகிழி. அதனை ஒழுங்குற அமைந்த திண்பொருளாக இத்தாலிய அறிஞர் நாட்டா 1954-ஆம் ஆண்டில் ஆக்கிக் காட்டினார்; 1963-ஆம் ஆண்டில் சீக்லர் என்பாருடன் நோபல் பரிசும் பெற்றார்.

இதற்குத் தமிழில் என்ன பெயர் இடுவது? தமிழாசிரியனுக்கு இக்கவலை வந்தே தீரும். கடைக்காரர் ஒரு வணிகப் பெயரைக் கொண்டு 'சன்பேக்' என்பர். தகடு என்போமெனில், அது பொன்னுக்கும் செம்புக்கும் உரிய சொல். பலகை என்போமெனில் மரம் சினங்கொள்ளும். இரண்டு நாள் எண்ணிக் 'குழலட்டை' என்று பெயரிட்டேன். என் பேரன், "தாத்தா, குழலும் ஊதாது, அட்டையும் கடிக்காது" என்று நகைத்தான். எனினும் அப்பெயரை யான் விடவில்லை.

முதலில் செய்தது மேற்குச் சாளரத்துக்கு ஒரு நிழல் மறைப்பு. பிற்பகல் வெயில் என் எழுதுமேசைமேல் விழுவதைத் தடுக்கவே அதனைச் செய்தேன். மிக்க மகிழ்ச்சியோடு அடுத்த வீட்டார்க்கும் காட்டினேன். இரண்டு கோடை கழிந்தன. ஒருநாள் அதனைத் துடைக்கக் கைவைத்தேன், அப்பளம்போல் நொறுங்கியது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் இந்நெகிழியின் நீண்ட மூலக்கூறுகளை அறுத்துவிடும் என்பதையும், அதனைத் தடுக்கும் மருந்து கலவாதவை வெளியில் நெடுநாள் நில்லா என்பதையும் யான் பின்னரே படித்தறிந்தேன். நொறுங்கிய துகள்கள் முல்லைப் பாத்தியில் விழுந்தன; சில காற்றில் பறந்து கிணற்றுள்ளும் போயின. பாத்தியில் விழுந்தவற்றை மூன்று நாள் குனிந்து விரலால் பொறுக்கினேன். கிணற்றில் விழுந்தவற்றை என் செய்வது? அன்றிலிருந்து குழலட்டையை வெயில் படும் இடத்தில் வைப்பதில்லை. அடுப்பும் விளக்கும் இருக்கும் பக்கத்திலும் அதனை வைத்தல் ஆகாது. அது உருகி எரியும் பொருள்.

பேரனுக்கு ஒரு பெட்டி செய்தபோது மற்றொரு பாடம் கற்றேன். எந்தப் பசையும் அதில் ஒட்டவில்லை. காய்ந்ததும் தோல் உரிவதுபோல் உரிந்துவந்தது. பல்லி ஒட்டும் சுவரில் சுண்ணம் ஒட்டாதது போலும் என வியந்தேன். குழல்களின் வாயை மூடாமல் விட்டதனால் சிற்றெறும்புகள் உள்ளே புகுந்து முட்டையிட்டு, ஒரு நகரமே அமைத்துவிட்டன. எஞ்சிய ஆறு அட்டைகளை என் நூலடுக்குகளின் மேல் கூரையாகச் சாய்த்து வைத்தேன். எங்கள் வீடு நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. மழைக்காலத்தில் அங்கங்கே ஒழுகும்.

2021-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பருவமழை கடுமையாகப் பெய்தது. பாலாற்றில் நெடுங்காலம் காணாத வெள்ளம் வந்தது. ஓர் இரவு பத்து மணியளவில் பக்கத்து வீட்டு நெசவாளர் கதவைத் தட்டினார். தலையில் கோணிச்சாக்கு, கையில் கைப்பேசி விளக்கு. "ஐயா, அந்தச் சன்பேக்கு அட்டை மிச்சம் இருக்கிறதா? தறிமேல் ஒழுகுகிறது" என்றார்.

யான் சென்று பார்த்தேன். தறியில் மூன்று சேலைக்குரிய பாவு ஏறியிருந்தது. முதற் சேலையில் பாதியே நெய்திருந்தார். காஞ்சியின் கோர்வைச் சேலை அது. கரைக்கு வேறு, உடலுக்கு வேறு என மூன்று நாடாக்கள் ஓடும். ஓரத்து நாடாவை அவர் மனைவியார் அமர்ந்து வாங்கி எறிவார். பட்டும் சரிகையும் அவருடையன அல்ல. நூல் தந்தவர்க்கு உரியன. பாவு கெட்டால் கூலியிலே பிடிக்கப்படும். பாவுக்குக் கஞ்சியிட்டுக் காயவைத்திருப்பர் ஆதலின், ஈரம் பட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி அறும். அதனினும் பெரிய அச்சம் தறியின் உச்சியில் இருந்தது. அங்கே ஜக்கார்டு பெட்டி. பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் அமைத்த பொறியின் வழிவந்தது. துளையிட்ட தாளட்டைகள் வரிசையாகக் கோக்கப்பெற்று அதில் தொங்கும். எந்தத் துளை உண்டோ அதற்குரிய இழை மேலெழும்; அவ்வாறே அன்னமும் யாளியும் சேலையில் உருப்பெறும். அத்தாளட்டை நனைந்து உப்பினால் துளை இடம் மாறும். அன்னத்தின் கழுத்து அறுபடும்.

அட்டைகள் ஆறும் என் நூல்களின் மேல் இருந்தன. ஒரு கணம் தயங்கினேன் என்று கூற நாணுகின்றேன். பின்னர் என் மனைவியும் யானும் நூல்களைக் கையாலானமட்டும் அடுக்களைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, அட்டைகளை எடுத்துக்கொண்டு சென்றோம்.

அங்கே யான் கண்டது வேறொரு கல்வி. யான் இரண்டு ஆண்டுகளாகப் பசையோடு போராடினேன். அவரோ கோணி ஊசியை எடுத்தார். "ஒட்டாத பொருளைத் தைக்க வேண்டும் ஐயா" என்று கூறிக்கொண்டே ஓரங்களில் துளையிட்டு, நைலான் நூலால் கைமரத்தோடு சேர்த்துக் கட்டினார். குழல்கள் சரிவின் போக்கிலே கிடக்குமாறு அட்டையைத் திருப்பினார். மேலட்டையின் கீழ்விளிம்பு கீழட்டையின் மேல்விளிம்பை மூடுமாறு, ஓடு வேய்வதுபோல் வேய்ந்தார். தைத்த துளைகளெல்லாம் மேலட்டையின் மறைவில் அடங்கின. குழல்களின் மேல்வாயை ஒட்டுநாடாவால் அடைத்தார். கீழ்வாயைத் திறந்தே விட்டார். "உள்ளே போன நீர் வெளியே வரவேண்டுமே" என்றார். இறுதியில் ஓர் அட்டையின் ஒரு குழலிலே பேனாக்கத்தியால் மேல்தோலை மட்டும் நெடுகக் கீறினார். கீழ்த்தோலே கீலாக நின்று மடங்கியது. இரண்டு கீறலில் ஒரு வாய்க்கால் பிறந்தது. ஒழுகிய நீரெல்லாம் அதன்வழியே ஓடி முற்றத்து வாளியில் விழுந்தது.

தறிக்குழியில் ஊறிய நீரை மட்டும் எதனாலும் தடுக்க இயலவில்லை. நிலத்தினின்று வரும் நீருக்குக் கூரை என் செய்யும்? அதனை விடியுமளவும் சொம்பால் மொண்டு கொட்டினோம். அதன் பின்னரும் ஐந்து நாள் தறி ஓடவில்லை.

யான் வீடு திரும்பியபோது நூலடுக்கின் ஒரு மூலை நனைந்திருந்தது. கைக்கு எட்டாத மேல்தட்டில், பள்ளிப் பருவத்தில் பேச்சுப்போட்டியில் பரிசாகப் பெற்ற திருக்குறள் உரைநூலை விட்டுவிட்டிருந்தேன். பொருட்பாலின் பாதித் தாள்கள் ஒட்டிப்போயின. அவற்றைப் பிரிக்க முயன்று சில இடங்களில் எழுத்தையும் இழந்தேன்.

பொங்கலுக்கு முன் முதற் சேலை தறியினின்று இறங்கியது. நெசவாளர் அட்டைகளைத் திருப்பித் தர முற்பட்டார், யான் வாங்கவில்லை. சில நாள் கழித்து, வெட்டி எஞ்சிய துண்டுகளால் செய்த பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மூலைகளைக் கழிவுப் பட்டு நூலால், செந்நிறமும் மாந்தளிர் நிறமும் மாறிமாறி வருமாறு தைத்திருந்தார். என் திருக்குறள் அதில் இருக்கின்றது. அவர் இல்லத்தில் இப்போது தார் வைக்கும் பெட்டியும், நெய்த சேலை மடித்து வைக்கும் தட்டும், குளிர்காலத்தில் தறிக்குழியின் விளிம்பில் அமரும் இருக்கையும் குழலட்டையே. குழலுள் அடைபட்ட காற்று தரையின் குளிரை மேலே விடுவதில்லை.

தறிமேல் கட்டிய அட்டைகள் இன்றும் அங்கேயே உள்ளன. எழுத்துள்ள பக்கம் கீழ்நோக்கி இருப்பதால், நாடா எறியும்போது நிமிர்ந்தால் 'தரிசனத்துக்குச் செல்லும் வழி' என்று தெரியும். அம்புக்குறி கிணற்றடியைக் காட்டுகின்றது. "சரியாகத் திருப்பிக் கட்டட்டுமா ஐயா?" என்று அவர் ஒருமுறை வினவினார். "அவிழ்த்தால் ஒழுகும், தம்பி" என்றேன்.