வழி இரண்டு வேண்டும்

எமது கல்லூரியின் விழா மலருக்கு என் தொழில் பற்றியதொரு கட்டுரை வரைந்து அனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் அன்புடன் பணித்தனர். கவிதையும் வரலாறும் ஆசிரியர் நினைவும் நிறைந்து வரும் மலரிலே, கணினிச் சேவையகத்திலிருந்து வன்தட்டுக்குச் செல்லும் வழிகளைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ எனச் சிறிது தயங்கினேன். ஆயினும், அவ்வழிகளின் இயல்பை என் ஊராகிய தொண்டைமானாறும் இக்கல்லூரியின் பௌதிகவியல் வகுப்பும் எனக்கு முன்னரே கற்பித்திருந்தன என்பதை எண்ணியபோது தயக்கம் நீங்கியது.

தொண்டைமானாறு வடமராட்சிக் கடனீரேரி கடலோடு கூடும் முகத்தில் அமைந்த ஊர். கருணாகரத் தொண்டைமான் உப்பேற்றும் மரக்கலங்கள் உட்புகும்பொருட்டு வெட்டுவித்த கால்வாயே அப்பெயர்க்குக் காரணம் என்பது மரபு. ஆற்றங்கரையிலே செல்வச்சந்நிதி முருகன் ஆலயம் விளங்குகின்றது. கடலுவர் உட்புகாது தடுப்பதற்கும், மாரியிலே மிகும் வெள்ளத்தைக் கடலிற் செலுத்துவதற்குமாகக் கதவுகள் பொருத்திய தடுப்பணை ஒன்றும் அங்குண்டு. எம்மூரார் வலிகாமம் செல்வதற்கு அண்மையில் உள்ள வழிகள் இரண்டே. ஒன்று ஊர்ப்பாலத்தைக் கடந்து அச்சுவேலிக்குச் செல்வது. மற்றது வல்லைவெளிப் பாலத்தைக் கடந்து செல்வது. இரண்டும் தடைப்படின் வரணி, கொடிகாமம் என நெடுந்தூரம் சுற்றிச் செல்லல் வேண்டும். வல்லைவெளியின் எதிர்க்காற்றிலே துவிச்சக்கரவண்டி மிதித்துக் கல்லூரிக்கு வந்த மாணவருக்கு, வழி என்பது எத்துணைப் பெரிய பொருள் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பௌதிகவியல் ஆசிரியர் ஒருநாள் மின்குமிழ்களைத் தொடராக இணைத்துக் காட்டினார். ஒன்றைக் கழற்றியதும் யாவும் அணைந்தன. பின்னர் அவற்றையே சமாந்தரமாக இணைத்தார். ஒன்றைக் கழற்றியும் மற்றவை எரிந்தன. "தொடரிலே ஒன்றன் குற்றம் எல்லாருக்கும் தண்டனை, சமாந்தரத்திலே அவரவர் குற்றம் அவரவர்க்கு" என்று அவர் கூறியபோது வகுப்பு நகைத்தது. என் தொழிலின் முதற்சூத்திரம் அதுவே.

பெருநிறுவனங்களின் சேவையகங்கள் தம் தரவுகளைத் தம் உள்ளிருக்கும் தட்டுகளில் மாத்திரம் வைப்பதில்லை. நூற்றுக்கணக்கான தட்டுகள் செறிந்த சேமிப்பகம் ஒன்று தனியே நிற்கும். சேவையகத்தினின்று ஒளியிழை வடம் புறப்பட்டு, இடையே சுவிட்சு எனும் பகிர்கருவியை அடைந்து, அங்கிருந்து சேமிப்பகத்தின் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் செல்லும். இவ்வழி ஒன்றேயாயின், வடம் ஒன்று நெகிழ்ந்தாலும் சேவையகம் தன் தட்டை இழக்கும். ஆதலின் சேவையகத்தில் இணைப்பட்டைகள் இரண்டு, சுவிட்சுகள் இரண்டு, சேமிப்பகத்தில் கட்டுப்பாட்டுக் கருவிகள் இரண்டு என அமைப்பர். ஒவ்வோர் அட்டையும் தனக்குரிய சுவிட்சின் ஊடாகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இரண்டையும் அடையும். இவ்வாறு ஒரு தட்டுக்கு நான்கு வழிகள் உண்டாகின்றன.

வழி நான்காகியவுடன் முதற்குழப்பம் பிறக்கின்றது. பணிசெயல் முறைமை வழிக்கொன்றாகத் தட்டுகளைக் காண்பதால், ஒரே தட்டை நான்கு தட்டுகளாகக் கணக்கிடுகின்றது. அச்சுவேலியால் வந்தவரும் வல்வெட்டித்துறையால் வந்தவரும் தாம் கண்டது வெவ்வேறு சந்நிதி என்று வாதிடுவதை ஒக்கும் இது. நகைப்புக்குரியதாயினும் கேடு பெரிது. நான்கும் வேறென்று நம்பி வெவ்வேறாக எழுதப்புகின் தரவு சிதையும். ஆதலின் லினக்ஸ் முறைமையிலே மல்ரிபாத் எனும் பல்வழி அமைப்பு ஒவ்வொரு வழியினூடாகவும் தட்டின் உலகளாவிய அடையாள எண்ணைக் கேட்டறிகின்றது. எண் ஒன்றாயின் தட்டும் ஒன்றே எனத் தெளிந்து, நான்கையும் ஒரு பெயரின்கீழ்க் கூட்டி மேலுள்ள மென்பொருள்களுக்குக் காட்டுகின்றது. விண்டோஸ் சேர்வரிலும் எம்.பி.ஐ.ஓ. என்ற பெயரால் இவ்வசதி உண்டு. மேலுள்ள மென்பொருள் அப்பொதுப்பெயரையே வழங்கல் வேண்டும். தனிவழியின் பெயரைப் பிடித்துக்கொண்டால் அவ்வழியோடு தானும் வீழும்.

அடுத்தது, எவ்வழியாற் செல்வது என்னும் வினா. நான்கினும் சுமையைப் பகிர்ந்து அனுப்பலாம். ஒன்றை வழங்கி ஏனையவற்றைச் சேமத்தில் வைக்கலாம். சில சேமிப்பகங்களில் ஒரு தட்டுக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கருவியே உரிமை பூண்டிருக்கும். அதனை அடையும் இரு வழிகள் நேர்வழி. மற்றைக் கருவியினூடாகச் செல்பவை சுற்றுவழி. அத்தகையவற்றில் நேர்வழிகளை ஒரு குழுவாகவும் சுற்றுவழிகளை மறுகுழுவாகவும் வகுத்து, முதற்குழு முற்றும் வீழ்ந்தாலன்றி இரண்டாவதை நாடாதிருக்குமாறு விதிப்பர். வழக்கமாகச் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வழியினூடாகவும் "ஆயத்தமா?" என்று வினவி விடையறியும் காவற்பணியும் உண்டு.

எல்லா வழிகளும் ஒருங்கே அடைபட்டால் யாது செய்வது? இதுவே கடினமான வினா. வழி திறக்கும்வரை எழுத்துகளை வரிசையில் நிறுத்திக் காத்திருக்கலாம். அல்லது உடனே "இயலாது" என்று அறிவித்துவிடலாம். சிறுபொழுதில் நீங்கும் தடையாயின் காத்திருத்தல் நன்று; எதுவும் இழக்கப்படாது. ஆயின் வழி என்றும் திறவாதாயின், காத்திருக்கும் மென்பொருள் உயிருமின்றிச் சாவுமின்றி நிற்கும். பக்கத்திலே பணியேற்க ஆயத்தமாய் நிற்கும் இரண்டாவது சேவையகமும், முதலாவது இன்னும் வீழவில்லையென எண்ணி வாளாவிருக்கக்கூடும். ஆதலின் இத்தனை முறை முயன்று பார்த்தபின் தோல்வியை ஒப்புக்கொள் என்று ஓர் எல்லை குறிப்பதே பல இடங்களிற் பொருத்தமாகும்.

காத்திருத்தலின் இவ்வியல்பு எம்மவர்க்குப் புதிதன்று. 1990இற்குப் பின்னர் ஆனையிறவுப் பெருவழி மூடப்பட்டிருந்த காலத்திலே, குடாநாட்டார் கொம்படி, ஊரியான் வழியாகவும், பின்னர் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்தும் உயிரைக் கையிற்பிடித்துச் சென்றனர். மாற்றுவழி இருந்தது, ஆயின் அதன் விலை பெரிதாயிருந்தது. 2002இல் ஏ-9 வீதி திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடியது. 2009இன் பின்னரே நிலையாகத் திறக்கலாயிற்று. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின், பூநகரியூடாக இரண்டாவது தரைவழி நன்கு அமைந்தது. திறந்து திறந்து மூடும் வழியைப் பற்றிய பாடமொன்று பல்வழி அமைப்பிலும் உண்டு. வீழ்ந்த வழி மீண்டதும் உடனே அதற்குத் திரும்பிவிடல் எப்போதும் அறிவன்று. விழுவதும் எழுவதுமாக ஊசலாடும் வழியை நம்பி ஓடியாடின், ஒவ்வோர் ஓட்டத்திலும் பணி தடைப்படும். சிறிதுகாலம் உறுதியாய் நிற்கின்றதா எனப் பார்த்துப் பின்னர்த் திரும்புமாறு விதித்தல் நன்று.

இவையெல்லாம் ஏட்டறிவு. இனி அனுபவத்தைக் கூறுவேன். கடல்கடந்த நாடொன்றிலே ஒரு மருத்துவமனையின் கணினி நிலையத்திற் பணியேற்றேன். குருதிவகை, பரிசோதனை முடிவுகள், மருந்தளவுகள் யாவும் அங்குள்ள சேவையகங்களில் இருந்தன. சுவரிலே தொங்கிய வரைபடம் நான்கு வழிகளைக் காட்டியது. முதல் வாரத்திலே பல்வழி அமைப்பின் நிலைப்பட்டியலைக் கேட்டுப் பார்த்தேன். நான்கில் இரண்டு வழிகள் வீழ்ந்திருந்தன. பதிவேட்டை ஆராய்ந்தபோது அவை வீழ்ந்து பல மாதங்கள் ஆகிவிட்டன என்பது தெரிந்தது. முன்னர் நடந்த பராமரிப்பின்போது வடமொன்று சரியாகச் செருகப்படாது விடப்பட்டிருந்தது. எஞ்சிய இரண்டும் ஒரே சுவிட்சின் ஊடாகச் சென்றன. வரைபடத்தில் நான்காக இருந்தது உண்மையில் ஒன்றே.

அன்பர்களே, இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. மாற்றுவழி இல்லாத அமைப்பிலே வழி வீழ்ந்தால் அந்நொடியே எல்லாரும் அறிவர். மாற்றுவழி உள்ள அமைப்போ முதற்குற்றத்தை மறைத்துவிடுகின்றது. அதன் சிறப்பே அதன் இடர். இரண்டாவது குற்றம் நிகழும் நாளில்தான் முதலாவது குற்றம் வெளிப்படும். அப்போது காலம் கடந்திருக்கும்.

வழிகளைச் செப்பஞ்செய்தபின், வடங்களை வேண்டுமென்றே கழற்றிச் சோதித்தல் வேண்டும் என்று கேட்டேன். "நன்றாய் ஓடுவதை ஏன் தொடவேண்டும்?" என்றார் மேலதிகாரி. அவர் அச்சம் இயல்பானது. நோயாளர் உயிர் அதில் தங்கியிருந்தது. ஆயின் அதே காரணத்தினாலேயே சோதனை வேண்டும் என்று வற்புறுத்தினேன். நாம் தேர்ந்த நேரத்தில், யாவரும் விழித்திருக்கையிற் காணும் தோல்வி, அது தேர்ந்த நேரத்தில் வருந்தோல்வியினும் மேலானதன்றோ? ஈற்றில் ஒரு ஞாயிறு வைகறையில் இசைவு கிடைத்தது. வடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். பின்னர் ஒரு சுவிட்சை முற்றாக அணைத்தோம். திரையிலே எழுத்துகள் சில விநாடி தயங்கின, மீண்டும் ஓடின. அறையிலிருந்தோர் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. அன்றுமுதல் வழி ஒன்று குறைந்தாலும் உடனே அறிவிக்கும் ஏற்பாட்டையும், ஆண்டுக்கு இருமுறை சோதனையையும் விதியாக்கினோம். சில வாரங்களின்பின் ஒரு நள்ளிரவில் சுவிட்சொன்றின் மின்வழங்கி எரிந்துபோயிற்று. எமக்கு அறிவிப்பு வந்தது, விடியுமுன் மாற்றினோம். விடுதிகளிற் பணியிலிருந்த தாதியர் எவரும் அதனை அறியார். எம் தொழிலின் வெற்றி இத்தகையது, நிகழாதவற்றால் அளக்கப்படுவது.

வழிகள் பலவாயிருத்தல் மாத்திரம் போதாது. அவை ஒன்றையொன்று சாராதிருத்தலும் வேண்டும். ஒரு வழி வீழ்தற்கு நூற்றில் ஒரு வாய்ப்பாயின், இரண்டும் ஒருங்கே வீழ்தற்குப் பதினாயிரத்தில் ஒன்று என்பது கணிதம். ஆயின் இரண்டும் ஒரே மின்னிணைப்பிலோ ஒரே குழாயிலோ தங்கியிருப்பின் அக்கணக்குப் பொய்யாகும். 2004 ஆகஸ்டிலே கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே கப்பலொன்றின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்த, இலங்கையின் இணையத் தொடர்பு பெரிதும் தடைப்பட்டது. ஒரு வடத்தையே பெரிதும் நம்பியிருந்தமையின் விளைவு அது. 2006 டிசம்பர் 26ஆம் நாள் தாய்வானுக்குத் தெற்கே நிகழ்ந்த நிலநடுக்கமோ பல வடங்களை ஒருங்கே அறுத்தது. வடங்கள் பல, அவை கிடந்த கடற்படுகை ஒன்று. எம்மூர்ப் பாலமும் வல்லைப் பாலமும் ஒரே கடனீரேரியைக் கடப்பவை என்பதை நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஈற்றில் ஒன்று. வழி வேறு, பொருள் வேறு. தட்டுக்கு நான்கன்றி நாற்பது வழி அமைப்பினும், தட்டே அழிந்தால் அவ்வழிகள் வெறுமையைச் சென்றடையும். அதற்குக் காவல் வேறிடத்தில் வைத்த பிரதியே. இவ்வுண்மையை யாழ்ப்பாணத்தார் எவரும் கணினியினிடத்துக் கற்கவேண்டியதில்லை. 1981 மே 31ஆம் நாள் இரவு மூட்டப்பட்ட தீ யாழ்ப்பாணப் பொது நூலகத்தை விழுங்கியது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அச்சு நூல்களிற் பலவற்றை மீண்டும் தேடிப்பெற முடிந்தது, அவற்றின் பிரதிகள் வேறெங்கோ இருந்தமையால். ஒரே பிரதியாயிருந்த ஏடுகளுக்கு மீட்சி இல்லை. நூலகத்துக்குச் செல்லும் வீதிகள் யாவும் திறந்தேயிருந்தன. சென்று படிக்கத்தான் ஏடில்லை.

ஆதலின் பழைய மாணவ நண்பர்க்கு ஒரு விண்ணப்பம். எம் கல்லூரியின் பழைய சஞ்சிகைகள், விழா மலர்கள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், குழுப்படங்கள் ஆகியவை உங்கள் பெட்டகங்களில் ஒற்றைப் பிரதியாய் உறங்குகின்றன. கறையானும் மாரியும் இடப்பெயர்வும் தின்றவை போக எஞ்சியவை இவையே. 2005இல் தொடங்கிய நூலகம் எனும் எண்ணிம நூலகத்தார் ஈழத்தமிழ் நூல்களையும் பாடசாலை மலர்களையும் மின்வருடி யாவர்க்கும் கிடைக்கச் செய்து வருகின்றனர். உங்களிடமுள்ளவற்றை அவர்களுக்கு ஒருநாள் இரவல் கொடுங்கள். மூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இன்னொரு பிரதியைக் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். மூன்று இடங்களில் இருப்பது எளிதில் அழியாது. மாணவர்க்கும் ஒரு சொல்: எதனை அமைப்பினும் அதன் இரண்டாவது வழியையும் அமையுங்கள், அமைத்தபின் ஆண்டுக்கொருமுறையேனும் அவ்வழியால் நடந்து பாருங்கள். நடவாத வழியிற் புல் முளைக்கும்.

கல்லூரி நீடு வாழ்க.