நின்ற விதம்

ஓசூரைத் தாண்டி 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கர்நாடகத்துக்குள் நுழையும் இடம் ஜூஜுவாடி. அதற்கடுத்தது அத்திப்பள்ளி. ராயக்கோட்டைத் தக்காளி, பாகலூர் ரோஜா, சிப்காட் பட்டறைகளின் இரும்புச் சாமான் எல்லாம் பிக்கப் வண்டிகளில் பெங்களூருக்குப் போகும் வழி இது. இங்கே டீசல் மெக்கானிக்காக இருப்பவனுக்கு அடிக்கடி வரும் போன் ஒன்று உண்டு: "ஓடிட்டே இருந்த வண்டி பட்டுனு நின்னுடுச்சுண்ணா. செல்ஃப் நல்லா சுத்துது, ஸ்டார்ட் மட்டும் ஆகல."

நான் கேட்பேன்: "எப்படி நின்னுச்சு? சாவியத் திருப்பி ஆஃப் பண்ண மாதிரியா, இல்ல இழுக்காம திக்கித் திக்கியா?" லோடு வாடுகிற நேரத்தில் இந்தக் கேள்வி டிரைவருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் விடமாட்டேன். ஸ்பானரை எடுக்குமுன் தெரிய வேண்டியதில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது.

டீசல் இன்ஜினில் பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று பதினாறில், பதினெட்டில் ஒரு பங்காக அழுந்தும்போது 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் நாசில் பீய்ச்சும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அந்த அழுத்தத்தை ஒரு நொடியில் இழப்பது அபூர்வம். அப்படியானால் டீசல் வரவில்லை, அல்லது டீசலை விடு என்ற கட்டளை வரவில்லை. பட்டென்று அணைந்திருந்தால் கட்டளைப் பக்கம் பார்ப்பேன்: ஃபியூஸ், ரிலே, எர்த், இன்ஜின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். திணறித் திணறி நின்றிருந்தால் டீசல் பக்கம். டைமிங் பெல்ட் வைத்த வண்டியில், நின்ற பிறகு செல்ஃப் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றினால் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்குமேல் சாவியைத் தொடக்கூடாது, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

புகையும் பேசும். செல்ஃப் அடிக்கும்போது சைலென்சரில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை. புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை.

எல்லைக்கென்றே ஒரு கோளாறு உண்டு. கர்நாடகத்தில் டீசல் விலை நம் பக்கத்தைவிடப் பல ஆண்டுகளாகக் கொஞ்சம் குறைவு. அத்திப்பள்ளி பங்கில் அடித்துக்கொள்ளலாம் என்று முள் கீழே கிடக்கக் கிடக்க ஓட்டி வருகிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை சாலை ஏறுமுகம். மேட்டில் டேங்கின் அடியில் இருக்கும் கொஞ்ச டீசலும் ஒதுங்கிவிட, குழாய் காற்றை உறிஞ்சுகிறது. கூடவே அடியில் தங்கிய கசடும் தண்ணீரும் ஃபில்டருக்கு வருகின்றன. ஓசூரின் குளிர்ந்த இரவுகளில் காலி டேங்கில் நீர் கோக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பங்க் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வண்டி நிற்கிறது. யாரோ கேனில் ஐந்து லிட்டர் வாங்கிவந்து ஊற்றுகிறார்கள். இனி ஓடும் என்று செல்ஃபை விடாமல் அடிக்கிறார்கள். பேட்டரியும் இறங்கிவிடுகிறது.

பெட்ரோல் வண்டியென்றால் ஊற்றியதும் பெரும்பாலும் ஓடிவிடும். டீசல் அப்படியல்ல, லைனில் புகுந்த காற்று முதலில் வெளியேற வேண்டும். பம்பு தள்ளும்போது காற்று அமுங்கி, விட்டதும் விரிகிறது. நாசிலைத் திறக்கும் அழுத்தம் எழுவதில்லை. பழைய வண்டிகளில் இருந்தது மைக்கோ பம்பு. 1951இல் தொடங்கிய அந்தப் பெங்களூர் நிறுவனம் 2008இல் பாஷ் என்று பெயர் மாறியது, எங்கள் வாயில் இன்றும் மைக்கோதான். அந்தப் பம்பில் ஏர் எடுப்பது அழகான வேலை. ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்க அமுக்க முதலில் நுரை வரும், பிறகு குமிழ் குமிழாக, கடைசியில் ஒரே கம்பியாகத் தெளிந்த டீசல். அப்போது ஸ்க்ரூவை இறுக்கி, நாசில் யூனியனைத் தளர்த்தி ஒரு சுற்று செல்ஃப் அடித்தால் அங்கேயும் காற்று கழிந்துவிடும்.

அந்தக் கடைசி வேலையை, எல்லா நாசில்களுக்குமான டீசலை ஒரே குழாயில் அழுத்தி வைத்திருக்கும் காமன் ரெயில் வண்டியில் செய்யவே கூடாது. 2005இல் வந்த டாடா ஏஸின் இரண்டு சிலிண்டர் இன்ஜின் பழைய முறைதான். 2011இல் ஓசூர் அசோக் லேலண்ட் தொழிற்சாலையில் செய்யப்பட்டு வந்த தோஸ்த், மூன்று சிலிண்டர் காமன் ரெயில். இவ்வகை இன்ஜின் ஓடும்போது ரெயிலில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். தளர்ந்த யூனியனிலிருந்து மெல்லிய கோடாகப் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னக் காயமாகத்தான் தெரியும், விரலையே எடுக்கும்படி ஆகலாம். பட்டறையில் வேலை பழகும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். காமன் ரெயிலில் கைப்பம்பால் ஃபில்டர் வரை ஏர் எடுத்தால் போதும், மீதியை வண்டியே பார்த்துக்கொள்ளும்.

இப்போது எல்லோர் கையிலும் ஸ்கேனர் இருக்கிறது. நல்ல கருவி. ஆனால் "ரெயில் பிரஷர் குறைவு" என்று அது காட்டியதும் பம்பைக் கழற்றச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. கணினி தான் கண்டதைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. ஃபில்டர் அடைப்பு, ஹோஸில் மயிரிழை வெடிப்பு, நசுங்கிய வாஷர் எல்லாமே அதே பிழைக் குறியீட்டைத்தான் கொடுக்கும். டேங்கிலிருந்து பம்பு வரை கையால் தடவிப் பார்த்த பிறகுதான் பம்பைச் சந்தேகப்பட வேண்டும். கிராங்க் சென்சாரும் ஏமாற்றும். சூட்டில் செத்து, ஆறியதும் உயிர் பெறும். டீ குடித்துவிட்டு வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, மறுபடி சூடேறியதும் நிற்கிறது என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் துளியும் அசையாமல் கிடப்பது இன்னொரு அடையாளம்.

அத்திப்பள்ளி பங்கில் அடிப்பதால் லிட்டருக்கு 2 ரூபாய் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். 40 லிட்டருக்கு 80 ரூபாய். காமன் ரெயில் பம்புக்கு டீசல்தான் எண்ணெய். வறண்டு சுற்றினால் உள்ளே தேய்ந்து, இரும்புத் துகள் நாசில்களுக்குப் போகும், செலவு பல்லாயிரத்தில் நிற்கும். எல்லை தாண்டி அடித்துக்கொள்வதில் தப்பே இல்லை. கால் டேங்க் இருக்கும்போதே போய் அடியுங்கள்.

டிரைவர் அண்ணன்களே, முதலாளி திட்டுவார் என்று பயந்து, டேங்க் காலியான விஷயத்தை மெக்கானிக்கிடம் மறைக்காதீர்கள். முதலாளிகளே, அதற்காக அவரைத் திட்டாதீர்கள். "டீசல் தீர்ந்துதான் நின்னுச்சு" என்று முதலிலேயே சொன்னால் நாங்கள் வயரிங்கைப் பிரிக்க மாட்டோம், சென்சாரை மாற்றச் சொல்ல மாட்டோம். பெரும்பாலும் கைப்பம்போடு வேலை முடிந்துவிடும்.