பேரு மட்டும் எழுதுங்கக்கா

உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் முகத்தை அவருக்குச் சொல்லாமல் விற்றேன். விஷயம் வெளியே வந்தபோது அவரிடமே பொய் சொல்லித் தப்பித்தேன். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். எப்படி நடந்தது என்பதைப் படித்துக்கொண்டு போகும்போது, என் பக்கம் ஏதோ நியாயம் வரப்போகிறது என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

படம் எடுப்பது எனக்குத் தொழில் இல்லை. தூத்துக்குடியில் ஓர் அலுவலகத்தில் வேலை, விடுமுறை நாளில் கேமரா. எங்கள் ஊரில் கேமரா வாங்கிய எவரும் முத்தையாபுரம், வேப்பலோடை, தருவைக்குளம் பக்கத்து உப்பளங்களுக்குப் போகாமல் இருக்க முடியாது. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்பதால் இருட்டிலேயே வேலை தொடங்கிவிடும். வெள்ளைக் குவியல்கள், பாத்தித் தண்ணீரில் வானம், வரப்பில் தலைச்சுமையோடு வரும் பெண்களின் சேலை நிறங்கள். உப்பின் வெண்மை கேமராவின் மீட்டரை ஏமாற்றும். அது காட்டும் அளவில் எடுத்தால் உப்பு சாம்பல் நிறமாகிவிடும். வெளிச்சத்தை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுக்க வேண்டும். இதையெல்லாம் பொறுமையாகக் கற்றுக்கொண்டேன். எடுக்கப்படுகிறவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள அந்தப் பொறுமையில் கொஞ்சமும் செலவழிக்கவில்லை.

அமெச்சூர்களின் படங்களைக் குறைந்த விலைக்கு விற்கும் சந்தை 2000இல் ஐஸ்டாக்ஃபோட்டோ என்ற இணையதளத்தோடு தொடங்கியது. 2006இல் கெட்டி இமேஜஸ் நிறுவனம் அதை 5 கோடி டாலருக்கு வாங்கியது. நான் உள்ளே வந்தது விலையெல்லாம் சரிந்த பிறகு. 2020 ஜூனில் இதே தொழிலில் இருக்கும் ஷட்டர்ஸ்டாக் நிறுவனம், படம் கொடுப்பவரின் பங்கை 15 முதல் 40 சதவீதம் வரை படிகளாக மாற்றியது. ஜனவரி பிறந்தால் எல்லோரும் மறுபடி முதல் படி. ஒரு டவுன்லோடுக்கு 10 சென்ட் என்பது சகஜமானது. நான் படம் கொடுத்த நிறுவனம் வேறு, ஆனால் கணக்கு ஏறத்தாழ அதேதான். இதில் பணம் பெரிதாக வராது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ‘என் படம் வெளிநாட்டில் விற்கிறது’ என்று சொல்லிக்கொள்ளும் ஆசைதான் என்னை இழுத்தது.

முகம் தெரியும் படத்தை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றால் இடமும் தேதியும் குறித்தால் போதும், ஆனால் வாங்குகிறவர்கள் குறைவு. விளம்பரத்துக்கும் விற்க வேண்டுமானால் படத்தில் இருப்பவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். உலகில் எங்கும், எக்காலத்துக்கும், எந்த விளம்பரத்துக்கும் பயன்படுத்தச் சம்மதம் என்றும், அதற்கான பிரதிபலனைப் பெற்றுக்கொண்டேன் என்றும் ஆங்கிலத்தில் இருக்கும். அந்த அக்காவிடம் அதை நீட்டி, “ஒரு போட்டிக்கு அனுப்பணும், பேரு மட்டும் எழுதுங்கக்கா” என்றேன். கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு தமிழில் பெயர் எழுதினார். “எனக்கு ஒரு படம் தருவீயளா சார்?” என்று கேட்டார். தருகிறேன் என்றேன். தரவில்லை. சாட்சிக் கையெழுத்தை அங்கே வராத ஒரு நண்பரிடம் பிறகு வாங்கினேன்.

போட்டி என்று ஏன் சொன்னேன்? விற்கப்போகிறேன் என்றால் எவ்வளவு என்று கேட்பார், பங்கு கேட்பார் என்ற பயம். கேட்டால் நியாயம்தானே என்று அப்போதே தெரிந்ததால்தான் பயந்தேன். காப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவருக்கு அவர் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் உரிமை. படத்தில் இருப்பவருக்கு அந்தச் சட்டத்தில் பங்கு கிடையாது. மனம் உறுத்தியபோதெல்லாம் இதைத்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு விவரம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. எங்கள் புகைப்படக் குழுவில் டோரத்தியா லாங் 1936இல் கலிஃபோர்னியாவில் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படத்தைப் பற்றிப் பேசியவனே நான். லாங் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை, ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் 1978இல்தான் வெளியே வந்தது, அந்தப் படத்தால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தினார் என்றெல்லாம் இளைஞர்களுக்கு விளக்கினேன். உப்பளப் படம் அப்போது விற்றுக்கொண்டிருந்தது.

படத்தோடு ஐம்பது வரை தேடுசொற்கள் கொடுக்கலாம். உப்பு, உழைப்பு, பெண், கிராமம் என்று தொடங்கினேன். பிறகு எது விலைபோகும் என்று பார்த்து வறுமை, நம்பிக்கை, சிறுகடன், மைக்ரோஃபைனான்ஸ் என்றும் சேர்த்தேன். அவருடைய கடனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. விற்கும் என்பதற்காக அவர் முகத்தின் மேல் நானே கடனை எழுதினேன்.

ஒரு கடன் நிறுவனத்தின் நோட்டீஸில் அந்த முகம் வந்தது. என் வாழ்க்கையே மாறிவிட்டது என்று அவர் சொல்வதைப் போல ஒரு வரியும் பக்கத்தில் இருந்தது. அவர் தெருப் பெண்கள் குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்த நேரம். உப்பளக் கங்காணி எனக்குப் போன் செய்து, அவரிடம் கொடுத்தார். “துட்டு வாங்கிட்டு அவனுவளுக்கு விளம்பரம் பண்ணுதேன்னு எல்லாரும் பேசுதாவ சார். குழுவுல ஒருத்தியும் முகம் குடுத்துப் பேச மாட்டேங்கா.”

யாரோ இன்டர்நெட்டிலிருந்து திருடிப் போட்டிருப்பார்கள் என்றேன். உடனே வந்தது அந்தப் பொய், யோசிக்கக்கூட இல்லை. அவர் நம்பினார். “உங்களையும் ஏமாத்திட்டானுவளா சார்” என்று என்மேல் இரக்கப்பட்டார். முதல் பொய்யைவிட இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

படத்தை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன். ஏற்கெனவே உரிமம் வாங்கியவர்கள் அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம், அதை நான் தடுக்க முடியாது. பல வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு வந்தது என்று கேட்டார். மொத்தம் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் என்றேன். அவர் நம்பவில்லை. போனில் கணக்கைக் காட்டினேன். மகன் வாங்கிப் பார்த்து, “நெசந்தான்மா” என்றான். அவர் நெடுநேரம் என்னையே பார்த்தார். நான் நீட்டிய பணத்தைத் தொடவில்லை. “குழு கூடுத அன்னைக்கு வந்து, நான் ஒரு பைசா வாங்கலைன்னு நீங்க சொல்லணும்” என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகும் குழு பலமுறை கூடிவிட்டது, நான் போகவில்லை. அலுவலக வேலை, உடம்பு சரியில்லை என்று கங்காணியிடம் காரணங்கள் சொன்னேன். உண்மையான காரணம், அத்தனை பெண்கள் முன்னால் நிற்க எனக்கு அச்சம். அவர் அந்தத் தெருவில் தினமும் நடக்கிறார். இதை எழுதியதால் அவர் கேட்டதைச் செய்ததாக ஆகாது, அவர் கையில் இந்தப் பத்திரிகை போய்ச் சேராது. குழு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுகிறது. வருகிறேன் என்று இந்த முறை கங்காணியிடம் அல்ல, அவரிடமே நேராகச் சொல்லியிருக்கிறேன்.